கருங்கல்லும் தளவோடும்

தம்பலகாமம் நெல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். திருகோணமலை நகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 15 மைல் தொலைவில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே அஃது அமைந்துள்ளது. ஒருபுறம் வயல், மறுபுறம் துறைமுகத்தோடு தொடர்புடைய தம்பலகாமக் குடா. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அக்குடாவின் முத்துச்சிப்பிகள் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. நெல்லும் முத்தும் விளைந்த இத்தகைய ஊரிலிருந்து கருங்கல்லின் வரலாற்றைத் தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், அவ்வூரின் நடுநாயகமாக விளங்கும் ஆதிகோணநாயகர் கோயில் அங்கே எழுந்ததற்குக் காரணமாயிருந்தவை கற்களே. திருகோணமலைக் கோணமலையின் மேலிருந்த பெருங்கோயிலை 1622ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். கல் கோட்டைக்குப் போயிற்று. மூர்த்தி வயலுக்கு வந்தார்.

கோயிலாயிருந்த கல் கோட்டையான பின்னும் தன்மேற் பொறித்த எழுத்தைக் காத்து வைத்திருக்கக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. இக்காலத்தில் அதே இனக் கல், அரை அங்குலத்திலும் குறைந்த தடிப்புள்ள தளவோடாக அறுக்கப்பட்டு, கடையில் அட்டைப்பெட்டியிலிட்டு விற்கப்படுகின்றது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. அதனை உணர்வதற்குக் கல் பிறந்த விதத்தை முதலில் அறிதல் வேண்டும்.

கருங்கல் என்னும் சொல் வழக்கில் மிக அகன்ற பொருளுடையது. கரிய கல், சாம்பல் நிறக் கல், இளஞ்சிவப்புக் கல் ஆகிய யாவும் இப்பெயரால் வழங்கும். சிங்களர் ‘களுகல்’ என்பதும் இதே பொருளில்தான். புவிச்சரிதவியலார் இத்துணைத் தாராளமாகப் பேசுவதில்லை. அவர்கள் கிரனைற்று என்று ஒரு கல்லைச் சொல்ல வேண்டுமாயின், அது பாறைக்குழம்பு ஆறி உண்டானதாயிருத்தல் வேண்டும். அதிற் படிகக்கல்லாகிய குவார்ட்சும், பெல்சுபாரும், காக்காப்பொன் எனப்படும் மைக்காவோ அதனை ஒத்த கருநிறக் கனியங்களோ கலந்திருத்தல் வேண்டும். கிரனைற்று என்னும் பெயர் தானியமணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மணிமணியாகச் செறிந்த கல் என்பதே அதன் பொருள். நெல் விளையும் ஊராருக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

நிலத்தின் கீழே பல மைல் ஆழத்தில், வெப்ப மிகுதியால் உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, தரைமட்டத்தை எட்டாமலே இடைவழியில் தங்கிவிடுவதுண்டு. மேலே பல மைல் தடிப்புள்ள பாறை போர்வைபோல மூடியிருப்பதால் அஃது ஆறுவதற்குப் பல்லாயிரம், சில இடங்களிற் பல இலட்சம் ஆண்டுகள் செல்லும். சர்க்கரைப் பாகை விரைந்து ஆறவிட்டால் மணியற்ற கட்டியாகும்; அசையாது பல நாள் வைத்தாற் கற்கண்டு விளையும். பாறைக்குழம்பின் செய்தியும் இதுவே. எரிமலை வாயால் வெளியே வழிந்த குழம்பு விரைந்து ஆறி, கண்ணுக்குப் புலப்படாத நுண்மணிகளைக் கொண்ட கரிய எரிமலைக் கல்லாகின்றது. தக்காணத்துப் பீடபூமியின் பெரும்பகுதி இத்தகையது. ஆழத்தில் அடைபட்டு மெல்ல ஆறியதோ பெருமணிகளையுடைய கிரனைற்றாகின்றது. ஆறும்போது கருநிறக் கனியங்களே பெரும்பாலும் முதலில் திரளும். அடுத்துப் பெல்சுபார் திரளும். குவார்ட்சு கடைசியில் வந்து எஞ்சிய இடைவெளிகளையெல்லாம் நிரப்பும். கொத்தன் கருங்கற்சுவரின் இடுக்குகளிற் சல்லியைச் செருகி இறுக்குவது போன்றது இது. கிரனைற்றின் உறுதி அதன் மணிகளின் வன்மையால் மட்டும் வந்ததன்று. மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கிடக்கும் பிடியாலும் வந்தது.

இவ்வுண்மை எளிதிற் பெறப்பட்டதன்று. உலகிலுள்ள பாறைகளெல்லாம் ஆதிக்கடலிற் படிந்து உண்டாயின என்று செருமானியப் பேராசிரியர் வேணரும் அவருடைய மாணாக்கரும் 18ஆம் நூற்றாண்டிற் போதித்து வந்தனர். 1785ஆம் ஆண்டில் ஸ்கொத்துலாந்து நாட்டு ஹற்றன், கிளென் தில்ற்று என்னும் பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகையிலே, செந்நிறக் கிரனைற்று வேறு பாறைகளை ஊடுருவி நரம்பு நரம்பாக ஓடியிருப்பதைக் கண்டார். நீரிற் படிந்த பொருள் அவ்வாறு பாறையைப் பிளந்து புகாது. உருகிய பொருளே புகும். எனினும் வாதம் அத்துடன் ஓயவில்லை. தட்டில், போவென் என்னும் இருவர் உயர்ந்த அமுக்கத்தில் நீராவியோடு பாறைப்பொருளை உருக்கிச் செய்த சோதனைகள் 1958இல் வெளிவந்த பின்னரே உருகிப் பிறந்த கிரனைற்றின் கொள்கை ஐயத்துக்கு இடமின்றி வலுப்பெற்றது. மனிதன் ஐயாயிரம் ஆண்டுகளாக வெட்டிக் கையாண்ட ஒரு கல்லின் பிறப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்காகவே இருந்தது என்பது வியப்புக்குரியது.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் பழம்படிகப் பாறைகளால் ஆனது; யாழ்ப்பாணமும் வடமேற்குக் கரையுமே பெரும்பாலும் சுண்ணக்கல் நிலம். ஆனால், அந்தப் படிகப் பாறைகளிற் பெரும்பான்மை உண்மையான கிரனைற்று அன்று. அவை உருமாறிய பாறைகள். ஏறக்குறைய 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இலங்கை, தென்னிந்தியா, மடகாசுக்கர், அந்தாட்டிக்கா ஆகிய நிலங்கள் ஒன்றையொன்று முட்டி இணைந்த காலத்தில், பழைய பாறைகள் ஆழத்தில் அமுங்கி, வெந்து, பிசையப்பட்டு, வெண்மையும் கருமையுமாகப் பட்டை பட்டையாக வரிந்தன. இவற்றை நைசுப் பாறைகள் என்பர். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மேடுகளிற் குவார்ட்சு மிகுந்த படிகக்கற்பாறை பெரிதும் காணப்படுகின்றது. அஃது ஒருகாலத்தில் நீர்க்கரையில் ஒதுங்கிய மணலாக இருந்தது; வெந்து இறுகிப் பாறையாயிற்று. அலைக்கு எளிதில் இணங்காத அந்தப் பாறை வரிசைகள் கடலுக்குள் நீண்டு நிற்பதாலேயே உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அங்கே வாய்த்தது.

இலங்கைப் பாறைகளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஆனந்த குமாரசுவாமி. கலைவரலாற்று அறிஞராகவே பலர் அவரை அறிவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்து, தோரியனைற்று என்னும் புதிய கனியத்தைக் கண்டவரும் அவரே. கல்லின் உள்ளியல்பை அறிந்த கண்ணே பின்னர்க் கல்லிற் செதுக்கிய திருவுருவங்களை உலகுக்கு விளக்கிற்று.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் ஒருங்கே மலிந்துள்ள சார்னொக்கைற்று என்னும் கருமைதோய்ந்த கல்லுக்குப் பெயர் வந்த விதம் ஒரு சுவையான செய்தி. கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு தொடர்புடைய ஜோப் சார்னொக்கின் கல்லறை அந்நகரத்துப் புனித யோவான் கோயில் வளவில் உள்ளது. அதன் மேற்கல், சென்னைக்கு அண்மையிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியிலிருந்து கொண்டுபோகப்பட்டது. தோமசு ஹொலந்து என்னும் புவிச்சரிதவியலார் 1893இல் அக்கல்லை ஆராய்ந்து, இறந்தவரின் பெயரையே அந்தக் கல்லினத்துக்கு இட்டார். பல்லாவரத்துக் கல்லுக்கு வங்காளத்துக் கல்லறையிற் பெயர் சூட்டப்பட்டது!

உண்மைக் கிரனைற்றும் இலங்கையில் இல்லாமலில்லை. புத்தளம் மாவட்டத்துத் தோணிகல என்னுமிடத்தில் உள்ள இளஞ்சிவப்புக் கல் அத்தகையது. அங்குள்ள பாறையிலே கி.மு. காலத்துப் பிராமி எழுத்துகள் பேருருவாக வெட்டப்பட்டுள்ளன. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மற்றொரு சாசனம், துறவிகளின் உணவுக்காக நெல்லும் பிற தானியமும் வணிகர் கணமொன்றிடம் வட்டிக்கு வைக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. தானியமணியாற் பெயர்பெற்ற கல்லிலே தானியத்தின் கணக்கு!

இனி, இக்கல்லை மனிதன் பிளந்த வகை. பழைய கற்றச்சர் கல்லைக் கண்ணாற் பார்ப்பதோடு நில்லாது, தட்டிக் காதாலும் கேட்டனர். மணியோசை போன்ற ஒலி தருவது ஆண்கல், தாளத்தின் ஒலி தருவது பெண்கல், ஒலியற்றது அலிக்கல் எனச் சிற்பநூல்கள் வகுத்தன. இப்பெயர்களை மட்டும் பார்ப்பவர் இதனைக் கற்பனை என்று தள்ளிவிடுவர். உள்ளே வெடிப்பும் பிளவும் இல்லாத கல் அதிர்ந்து ஒலிக்கும். வெடிப்புள்ள கல் மழுங்கிய ஒலி தரும். இக்காலத்துச் சிற்பியும் உளி வைப்பதற்கு முன் கல்லைத் தட்டிப் பார்க்கவே செய்கின்றான்.

கல்லைப் பெயர்ப்பதற்கு இரண்டு வழிகள் பெருவழக்காயிருந்தன. ஒன்று, கோடிட்ட இடத்தில் வரிசையாகக் குழி வெட்டி, அவற்றுள் ஆப்புகளை இறுக்கிச் சிறிது சிறிதாக அடித்துப் பிளத்தல். அநுராதபுரம் முதலிய பழைய நகரங்களைச் சூழ்ந்த பாறைகளில் இவ்வாப்புக் குழிகளின் வரிசை இன்றும் பல்வரிசைபோலத் தெரியும். மற்றது தீ. பூமிக்குள் அமுக்கத்தோடு கிடந்த கிரனைற்றுப் பாறை, மேலிருந்த பாரம் மழையாலும் காற்றாலும் அரித்து நீங்கியபின், வெங்காயத்தின் தோல்போலத் தரைக்கு இணையாகத் தகடு தகடாகப் பிரியும் இயல்புடையது. அவ்வியல்பைக் கல்லுடைப்போர் தீயினாற் பயன்படுத்திக்கொண்டனர்.

1890களிற் பெங்களூர்ப் பகுதியில் நிகழ்ந்த அத்தகைய வேலையொன்றை வார்த் என்னும் புவிச்சரிதவியலார் அளந்து எழுதிவைத்தார். சமமான பாறைமீது உலர்ந்த விறகை ஒரு சிறு வரிசையாக அடுக்கித் தீ மூட்டுவர். ஒருவன் சம்மட்டியால் முன்புறப் பாறையைத் தட்டிக்கொண்டேயிருப்பான். ஒலி மாறினால், அடியிலே கல் பிரிந்துவிட்டது என்பது பொருள். உடனே தீயைச் சில அங்குலம் முன்னே தள்ளுவர். இவ்வாறு மணிக்கு ஏறக்குறைய 6 அடி வீதம், எட்டு மணிநேரம் தீ ஊர்ந்து செல்லும். முடிவில், சராசரி 5 அங்குலத் தடிப்பும் 740 சதுர அடிப் பரப்பும் உள்ள ஒரே பலகை, பாறையிலிருந்து முழுமையாக விடுபட்டுக் கிடக்கும். இதற்குச் செலவான விறகு 15 அந்தர் மட்டுமே. ஓர் இறாத்தல் விறகுக்கு 30 இறாத்தல் கல். வெடிமருந்து இல்லை, வாள் இல்லை, கல்லில் வீணானது மேலே தெறித்த சிறு சிம்புகளே. சம்மட்டி, விறகு, செவி ஆகிய மூன்றையும் கொண்டு மண்டபத்துக்குக் கூரையிட வல்ல பலகையைப் பெற்ற அத்தொழிலாளரின் பெயர் எதுவும் பதிவாகவில்லை.

தமிழகத்திலே 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மண்டகப்பட்டுப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். ஏறக்குறைய அதே காலத்தில், அநுராதபுரத்து அரசன் இரண்டாம் அக்கபோதி கந்தளாய்க் குளத்தைக் கட்டினான் என்று சூளவமிசத்தால் அறிகின்றோம். தம்பலகாமத்தாரும் திருகோணமலையாரும் போற்றும் மரபு வேறு. கோணேசர் கோயிலுக்கு நெல் விளைப்பதற்காகக் குளக்கோட்டு மன்னனே அக்குளத்தைத் தோண்டி வயல்களை அமைத்தான் என்பது அம்மரபு. குளத்தையும் வயலையும் கோயிலையும் ஒரே நூலிற் கோத்தது அது. இந்த ஏற்பாடுகளை விரித்துரைப்பது கவிராசவரோதயன் பாடிய ‘கோணேசர் கல்வெட்டு’. பெயர் கல்வெட்டாயினும் அது வழிவழியாக வந்தது ஓலையில். நிலைபேற்றுக்குக் கல்லே சான்று என்னும் எண்ணம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்தப் பெயர் போதும்.

கல்லிலேயே வெட்டப்பட்டவையும் இப்பகுதியிற் பல. கந்தளாயில் நிசங்கமல்லன் அமர்ந்ததாகக் கூறும் கல்லாசனம் எழுத்துடன் கிடைத்தது. பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனம், முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில், நங்கைசானி என்னும் அந்தணப் பெண், இறந்த தன் கணவனின் நினைவாகக் கந்தளாயிலிருந்த தென்கைலாசமாகிய விசயராச ஈச்சரத்துக்குச் செய்த அறத்தைக் கூறுகின்றது. பெரியகுளத்தருகேயுள்ள வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரோடு தமிழ்ச் சாசனங்களில் விளங்குகின்றது. சைவக் கோயிலும் பௌத்தப் பள்ளியும் தத்தம் நினைவை ஒரே இனக் கல்லிடம் ஒப்படைத்தன.

கோணமலைக் கோயிலின் கற்களுக்கு நேர்ந்தது இவற்றினும் விசித்திரமானது. மலைமீது மூன்று கோயில்கள் இருந்தனவென்று போர்த்துக்கேயர் எழுத்துகளால் அறிகின்றோம். கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தளபதிக்கு அங்கே வேண்டியிருந்தது துறைமுகத்தைக் காக்கும் கோட்டை. கோட்டைக்கு வேண்டிய கல்லோ வெட்டிச் சீர்செய்யப்பட்டு, மலைமேலேயே, சுமக்கும் செலவுமின்றி அடுக்கப்பட்டிருந்தது. சமய வெறுப்பு இடிப்பதற்குத் துணிவு தந்தது. ஆயத்தக் கல்லின் வசதி அத்துணிவுக்கு ஊக்கம் தந்தது. இவ்விரண்டாவது காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. தஞ்சையில் இராசராசன் 1010இல் நிறைவேற்றிய கோயிலுக்கு அண்மையில் மலையே இல்லாமையால் தொலைவிலிருந்து கல் கொணர வேண்டியிருந்தது. கல்லின் விலையிற் பெரும்பங்கு எப்போதுமே அதனை வெட்டிச் சுமக்கும் உழைப்பின் விலையாகும். ஓரிடத்தில் ஒருவர் செலவிட்ட உழைப்பை மற்றொருவர் ஒரே நாளிற் கவர்ந்துகொள்வதற்குப் பழைய கோயிலைப்போல வாய்ப்பான பொருள் வேறில்லை.

ஆனால், கோயிற்கல் கோட்டைக்கல்லான போது அதன் மேலிருந்த எழுத்தும் உடன்சென்றது. கோட்டை வாயிலின் கல்லொன்றில் இரட்டைக் கயல் இலச்சினையும், அதன்கீழ்ச் சிதைந்த தமிழெழுத்தும் உள்ளன; குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என்னும் பொருள்பட அதனைப் படிப்பர். கோட்டைக்குள் நிலைக்கல்லாக நிறுத்தப்பட்டிருந்த மற்றொரு கல்லில், சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223இல், சோடகங்கன் என்பான் இலங்கைக்கு வந்ததைக் கூறும் வடமொழிச் சாசனம் கிரந்த எழுத்தில் உள்ளது. கதவுநிலைக்கு அளவாக ஒரு கொத்தன் தேர்ந்தெடுத்த தூண், எழுநூறு ஆண்டுக்கு முந்திய ஆவணம் ஒன்றைக் காத்துத் தந்தது. காக்க வேண்டுமென்பது அவன் கருத்தன்று. தடித்த கல்லாக இருந்தமையால் அது கோயிலிலும் நின்றது, கோட்டையிலும் நின்றது. கோட்டையும் பின்னர் ஒல்லாந்தர் கைக்கும், அவர்க்குப்பின் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, பிரெட்ரிக்குக் கோட்டை என்னும் பெயர் பெற்றது, கற்கள் மாறவில்லை.

மூர்த்திகளுள் சிலவற்றை அன்பர்கள் மறைத்துக் கொண்டுபோய்க் காடுகளில் வழிபட்டனர் என்றும், பின்னர் வயல்சூழ்ந்த தம்பலகாமத்திற் கோயிலமைத்து ஆதிகோணநாயகரை எழுந்தருளச் செய்தனர் என்றும் மரபு கூறும். வேறு சில மண்ணுட் புதைந்தன. 1950ஆம் ஆண்டு திருகோணமலை நகரில் நிலந்தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. கடலுட் சென்றவையும் உண்டு. 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் கோணமலையின் அடிவாரத்துக் கடலில் மூழ்கிச் செதுக்கிய கற்றூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டனர். 1963ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆந் திகதி கோணமலையிற் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. செம்பு மண்ணிற் கிடந்து மீண்டது. கல் கடலிற் கிடந்தும் தன் செதுக்கை இழக்கவில்லை.

இத்தகைய கல்லைத் தகடாக அறுப்பதென்பது நெடுங்காலம் அருமையாகவே இருந்தது. சலவைக்கல்லை மணலும் நீரும் இட்டு வாளால் அறுப்பதைப் பண்டைய உரோமர் அறிவர்; கிரனைற்றின் குவார்ட்சு மணிகள் அந்த வாளுக்கு எளிதில் இணங்கா. ஸ்கொத்துலாந்து நாட்டு அபடீன் நகரில் 1830களில் அலெக்சாந்தர் மக்டொனால்டு என்பவர், எகிப்தியரின் மெருகிட்ட கிரனைற்றுச் சிலைகளை இலண்டனிற் கண்டு ஊக்கம் பெற்று, நீராவிப் பொறியால் கிரனைற்றை மெருகிடும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். அப்போதும் அது கல்லறைக்கும் தூணுக்கும் உரிய ஆடம்பரமாகவே இருந்தது. ஏழை எளியோர் வீட்டுத் தரைக்கு வர அதற்கு மேலும் நூற்றைம்பது ஆண்டு சென்றது. அந்த மாற்றத்தைச் செய்தது வைரம்.

இப்போது கற்சுரங்கத்திற் பாறையை முதலிற் பெருந்துண்டாகப் பெயர்க்கின்றனர். வைரத்துகள் பதித்த சிறு மணிகளைக் கோத்த உருக்குக் கம்பி, பாறையிலிட்ட துளைகளின் வழியே மாலைபோலச் சுற்றிவந்து, நீர் பாய்ச்சப் பாய்ச்ச அதனை அறுக்கும். 1970களின் இறுதியில் இத்தாலியின் கராரா சலவைக்கற் குன்றுகளில் வழக்குக்கு வந்த இம்முறை பின்னர்க் கருங்கல்லுக்கும் பரவிற்று. பெயர்த்த துண்டு இருபது தொன்னுக்கு மேலும் நிறையிருக்கும். ஆலையிலே பெரும்பலகை வேண்டுமாயின், ஒரே சட்டத்திற் பல வாள்களைப் பூட்டி, உருக்குமணியும் சுண்ணநீரும் பெய்து, ஊஞ்சல்போல ஆட்டி அறுப்பர். ஒரு துண்டு அறுபடச் சில நாள் செல்லும். தளவோட்டுக்கோ வைரப்பல் வட்டவாள்கள் கல்லை ஓரடி, ஈரடி அகலமான நாடாக்களாகச் சீவியெடுக்கும். அந்நாடாக்கள் ஒரே தடிப்பினவாகத் தேய்க்கப்பட்டு, முரடான அரக்கற்களில் தொடங்கி வரவர நுண்ணிய அரக்கற்களின் கீழே ஓடி மெருகேறும். கண்ணாடிபோன்ற அந்த ஒளி பூச்சன்று. ஒவ்வொரு மணியின் முகமும் ஒரே தளத்திற் சமமாகத் தேய்ந்ததனால் வந்தது. பின் சதுரமாக நறுக்கி, ஓரங்களைச் சாய்த்து, பெட்டியிலிடுவர். ஓரடிச் சதுரமும் ஒரு சதமமீற்றர் தடிப்பும் வழக்கமான அளவு.

வழுக்காத தரை வேண்டுவோருக்கு மெருகிட்ட முகமன்றித் தீயிட்ட முகம் தரப்படும். கல்லின்மேல் வாயுச்சுடர் பாயும்போது குவார்ட்சு 573 பாகை வெப்பத்தில் திடீரென விரிந்து வெடித்து, மேற்பரப்பு சொரசொரப்பாகின்றது. பெங்களூர்ப் பாறையின்மேல் தெறித்த சிம்பும் வெப்பத்தின் விளைவே. ஆயின், அங்கே தீ ஐந்தங்குலப் பலகையைப் பெற்றுத் தந்தது. இங்கே தோலை மட்டும் சுரண்டுகின்றது.

கணக்கொன்று போட்டுப் பார்த்தால் மாற்றத்தின் அளவு தெரியும். ஓடு ஒரு சதமமீற்றர் தடிப்பு. வாள் தின்பது அரைச் சதமமீற்றர் என்று கொள்க. ஒரு கன மீற்றர்க் கல், பிற சேதமில்லையெனின், அறுபது சதுர மீற்றருக்குச் சற்று மேற்பட்ட தரையை மூடும். நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுத் தரை ஒரே கல்லில் முடிந்துவிடும். பழைய கோயிலின் ஒரு தூணுக்கும் போதாத கல் அது. கல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முறை இதுவே என்று சொல்லத் தோன்றும். ஆனால், மூன்றில் ஒரு பங்கு கல் வாளின் வாயில் மாவாகி நீரோடு சேறாக ஓடுகின்றது. வெடிப்பு, நிறக்குறை முதலியவற்றால் கழிக்கப்பட்டுச் சுரங்கத்திலேயே குன்றாகக் குவிவது வேறு. உலர்ந்த கல்மாவு காற்றிற் பறந்து நுரையீரலிற் புகுந்தால், சிலிக்கோசிசு என்னும் மாற்றற்கரிய நோயைத் தரும். நீர் பாய்ச்சி அறுத்தலும் முகமூடியும் ஆடம்பரமல்ல, உயிர்க்காப்பு. உலர்ந்த கல்லில் வாளோட்டும் சிறு பட்டறைகளில் அதனை மறந்துவிடுகின்றனர்.

தமிழ்நாட்டிற் கிருட்டிணகிரி, தருமபுரி, மதுரை, விழுப்புரம் முதலிய பகுதிகளில் இத்தொழில் வேரூன்றியது. அரசு 1978இல் தமிழ்நாடு கனிம நிறுவனத்தைத் தொடங்கிற்று. கிருட்டிணகிரி மாவட்டத்து மாதேப்பள்ளியில் அந்நிறுவனத்தின் தளவோட்டு ஆலை அமைந்தது. வணிகர் கற்களுக்கு இட்ட பெயர்கள் தனி வேடிக்கை. தமிழ்நாட்டில் வெட்டியெடுக்கப்படும் ஒரு கல்லுக்குக் ‘கொழும்பு யூப்பரானா’ என்று பெயர். யூப்பரானா என்பது பிரேசில் நாட்டுச் சொல். கொழும்பையும் காணாத, பிரேசிலையும் காணாத அந்தக் கல் உண்மையிற் கிரனைற்றுமன்று. வளைந்து வரிந்த நைசு. மெருகேற வல்ல வன்கல் எதனையும் வணிகர் கிரனைற்று என்றே விற்பர்.

மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் குன்றுகளில் இவ்வேட்டை எல்லை மீறியதாக எழுந்த முறைப்பாடுகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. அவ்வட்டாரத்துக் குன்றுகள் பலவற்றிலே சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. அரிட்டாபட்டிப் பகுதி 2022இற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டுக் காக்கப்பட்டது. குன்று மீண்டும் முளைப்பதன்று. கிரனைற்று விளைவதற்கு எடுத்த காலம் முன்னரே கூறப்பட்டது.

தளவோடு வேறொரு வகையிலும் பழங்கல்லுக்குப் பகையாகின்றது. கோயிற்றிருப்பணியென்று பழைய தரைக்கற்களின்மேல் மெருகிட்ட ஓடு பதிப்பதும், சுவர்களை மணல்வீச்சுப் பொறியால் வெளுப்பதும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் நிகழ்ந்தன. மணல் வீசிய இடத்தில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கிற்று. ஓடு பதித்த இடத்தில் அவை கண்ணுக்கு மறைந்தன. போர்த்துக்கேயர் பகைமையாற் செய்தபோது எழுத்துத் தப்பியது. அன்பர்கள் பத்தியாற் செய்தபோது அஃது அழிந்தது. கல்வெட்டைப் படியெடுத்த பின்னரே கல்லிற் கைவைப்பது என்னும் சிறு ஒழுங்கு ஒன்றிருந்தால் இவ்விழப்பிற் பெரும்பகுதி நேர்ந்திராது. அதற்கு ஆகும் செலவு தளவோட்டின் செலவில் மிகச் சிறு பங்கு.

தளவோட்டின் வாழ்நாளைப் பற்றியும் ஒரு சொல். கல் தேய்வதில்லை என்பது உண்மை. ஆனால், ஒரு சதமமீற்றர்த் தகடு சாந்திற் பதிந்துவிட்டால் உடையாமற் பெயர்த்தெடுத்தல் அரிது. வீடு இடிக்கப்படும்போது அது கற்சல்லியாகவே போகின்றது. ஐந்தங்குலப் பலகை படியாகவும், பாலமாகவும், மதகின் மூடுகல்லாகவும் மறுபிறவிகள் எடுக்க வல்லது. வறண்ட வலயத்துப் பழங்குளங்களின் அணைக்கட்டுகளில் அலை மோதும் பக்கத்தைக் காப்பதற்கு அடுக்கிய கற்கள் நூற்றாண்டுகளாகத் தம் வேலையைச் செய்து வருகின்றன. 1986 ஏப்பிரில் 20ஆந் திகதி விடியற்காலையிற் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பேரழிவிலே விட்டுக்கொடுத்தது மண்ணாலான அணைக்கட்டு. கட்டு மீண்டும் கட்டப்பட்டது. குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களுக்கு மீண்டும் வந்தது.

அந்த வயல்களின் நெல்லைத் தனக்கு உரியதாகக் கொண்டிருந்த கோணமலைக் கோயிலின் கற்களுட் பல இன்றும் பிரெட்ரிக்குக் கோட்டைச் சுவரில் உள்ளன. எழுத்துள்ளவையென்று அறியப்பட்டவை, வாயிலிலும் கதவுநிலையிலும் முகம் வெளியே தெரிய அமைந்த சிலவே. கொத்தன் மற்றக் கற்களைப் பதித்தபோது எந்த முகத்தை உள்ளே திருப்பினான் என்பதைச் சுவர் குலையாதிருக்கும்வரை காண்பாரில்லை.